மாற்றி வாங்கிய லேசர் லெவல்

யாழ்ப்பாணத்தின் கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கங்களில் வீட்டு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவன் நான். ரைல்ஸ் பதிப்பதாயினும் சீலிங் அடிப்பதாயினும் குசினி அலுமாரி பொருத்துவதாயினும் முதல் வேலை மட்டம் எடுப்பதுதான். அதற்கு இதுவரை தண்ணீர்க் குழாயும் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்; இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்) நீர்மட்டமும் கட்டு நூலுமே போதுமாக இருந்தன. இவ்வருடம் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகள் கைக்கு வந்தன. அவற்றில் ஒன்றை, ரொறன்ரோவிலிருந்து வரும் வீட்டுக்காரருக்கு நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் கையளித்துவிட வேண்டும். இந்த நிலையில், குழாயின் மறு முனையைப் பிடிப்பதற்கென்றே ஓர் ஆளை நாள் முழுவதும் மறித்து வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. ஆகவே வைகாசி மாதத்தில், நகரிலுள்ள ஒரு கடையில் 26,500 ரூபாய் கொடுத்து, பச்சைக் கோடுகள் வீசும், தானாகவே மட்டம் கொள்ளும் லேசர் லெவல் ஒன்றை வாங்கினேன். ஐந்தாம் நாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய், அதே மாதிரியில் வேறொன்றை மாற்றி எடுத்தேன். முதலாவதில் இருந்த பிழை என்ன, நான் செய்த முதற் சோதனையில் அது ஏன் அகப்படவில்லை, இரண்டாவதை எந்த அடிப்படையில் வேலையில் இறக்கினேன் என்பவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியில் உற்பத்தியாளர் பெயர் என்று எதுவும் இல்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போலச் சந்தையில் நிறைந்து கிடக்கும் கருவிகளில் இதுவும் ஒன்று. கருவியுடன் இரண்டு லித்தியம் அயன் பற்றரிகள், சார்ச்சர், சுவரில் பொருத்தும் காந்தத் தாங்கி, சிறிய சுழல்தட்டு, றிமோற், பச்சை நிற மூக்குக்கண்ணாடி ஒன்று ஆகியன வருகின்றன. முக்காலி வேறாக வாங்க வேண்டும். ‘16 கோடு’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து எவரும் மயங்கத் தேவையில்லை. கருவியிலிருந்து வருவன நான்கு வட்டங்களே: மேலே ஒன்று, நிலத்தை ஒட்டி ஒன்று என இரண்டு கிடை வட்டங்கள், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இரண்டு நிலைக்குத்து வட்டங்கள். ஒவ்வொன்றையும் நான்கு திசைக்கு நான்காக எண்ணிப் பதினாறு ஆக்கியிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை. கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கருவி எப்படி மட்டம் கொள்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் அதைச் சோதிக்க முடியாது. உள்ளே, லேசர்களைத் தாங்கிய பகுதி ஓர் ஊசலாகத் தொங்குகிறது. கருவியைச் சற்றுச் சரிவாக வைத்தாலும் புவியீர்ப்பு அந்த ஊசலை நேராக இழுத்துவிடும். அது நெடுநேரம் ஆடிக்கொண்டிராதபடி, காந்தமும் செம்பும் சேர்ந்து ஆட்டத்தைச் சில விநாடிகளில் அடக்கிவிடும். லேசர்க் கதிர் ஒரு கூம்புக் கண்ணாடியின் கூரில் பட்டு நாலாபுறமும் விரிவதால், அறையைச் சுற்றி ஒரே கோடு கிடைக்கிறது. இந்தக் கருவியின் ஊசல் 3 பாகைச் சரிவு வரை சமாளிக்கும். அதற்கு மேற்பட்டால் கோடு சிமிட்டும், ஒலியும் எழும். வாங்குபவர்கள் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தைத்தான். கோடு சிமிட்டவில்லை என்றால், ஊசல் தடையின்றித் தொங்குகிறது என்பது மட்டுமே அதன் பொருள். ஊசலில் பொருத்திய லேசரோ கூம்போ தொழிற்சாலையிலேயே ஒரு மயிரிழை பிசகியிருந்தால், அல்லது லொறியில் வந்த வழியில் அதிர்ந்து விலகியிருந்தால், ஊசல் ஒழுங்காகவே தொங்கும், கருவியும் அமைதியாகவே இருக்கும், கோடு மட்டும் சரிந்திருக்கும். தன் சரிவைத் தானே கண்டுபிடிக்கும் வழி எதுவும் இதனுள் இல்லை.

கடையில் கருவியைக் கண்ணாடி மேசையின்மேல் வைத்து இயக்கிக் காட்டினார்கள். எதிரே பெயின்ற் வாளிகள் அடுக்கியிருந்த தட்டின் விளிம்போடு பச்சைக் கோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. “பாருங்கோ அண்ணை, அச்சொட்டு” என்றார் அங்கு நின்ற இளைஞர். அந்தத் தட்டு மட்டமாக அடிக்கப்பட்டதா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைக் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தது என் பிழை.

கோண்டாவில் வீட்டின் மண்டபம் சுவருக்குச் சுவர் 8 மீற்றர், பூச்சும் காய்ந்திருந்தது. சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 10 மீற்றருக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் பிசகாது என்று பெட்டி சொல்கிறது; அதாவது மீற்றருக்கு 0.3 மில்லிமீற்றர். இதைச் சரிபார்க்கும் வழி பழையது, எளியது. ஒரு சுவருக்கு அருகே கருவியை முக்காலியில் நிறுத்தி, அச்சுவரில் கோடு விழும் உயரத்தைக் கூரான பென்சிலால் குறித்து, எதிர்ச் சுவரிலும் ஒரு குறி போட வேண்டும். பின்னர் கருவியை எதிர்ச் சுவருக்கு அருகே கொண்டுபோய், அங்குள்ள குறியுடன் கோடு பொருந்தும்வரை முக்காலியின் நடுத்தண்டை ஏற்றி இறக்கிவிட்டு, முதற் சுவரில் கோடு இப்போது எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பழைய குறிக்கும் புதிய குறிக்கும் இடையிலுள்ள இடைவெளி, 8 மீற்றரில் கருவி செய்யும் பிழையின் இரு மடங்கு. ஆகவே 16 மீற்றருக்குக் கணக்கிட்டு, 4.8 மில்லிமீற்றர் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை அப்படியே செய்தேன். முதற் சுவரில் கோடு பழைய குறியின்மேலேயே போய் உட்கார்ந்தது. இடைவெளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெயரில்லாத பெட்டிக்குள் இப்படியொரு கருவியா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

என்னுடன் இருபது வருடமாக வேலை செய்யும் மேசன் அண்ணைக்கு அந்த வியப்பு ஏற்படவில்லை. “தம்பி, தண்ணி பொய் சொல்லாது. ஒருக்கா குழாயையும் பிடிச்சுப் பாப்பம்” என்றார். பிடித்தோம். இரண்டு சுவரிலும் நான் போட்ட குறிகளுக்கு இடையே 3 மில்லிமீற்றர் வித்தியாசம் காட்டியது குழாய். குழாய்க்குள் காற்றுக் குமிழி நின்றால் தண்ணீரும் பொய் சொல்லும் என்பது அண்ணைக்கும் தெரியும். ஆகவே தண்ணீரை முழுவதும் வடியவிட்டு, ஒரு முனையை வாளிக்குள் விட்டு மெல்ல நிரப்பி, வெளிச்சத்தில் குழாயை ஓரடி ஓரடியாக உருவிப் பார்த்து, குமிழி இல்லை என்று கண்ட பின் மறுபடியும் பிடித்தோம். தண்ணீரின் வளைவில் அடிப்பகுதியை வைத்து வாசித்தோம். அதே 3 மில்லிமீற்றர். லேசர் இடைவெளி இல்லை என்கிறது, தண்ணீர் 3 என்கிறது. இரண்டில் ஒன்று பிழை. அண்ணை எதுவும் சொல்லவில்லை. குழாயைச் சுருட்டி ஆணியில் கொழுவிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இரவு படுத்திருந்து யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. முன்பக்கம் மட்டும் கோடு வீசும் சிறிய கருவியானால், எதிர்ச் சுவரைப் பார்ப்பதற்கு அதைக் கட்டாயம் திருப்பித்தான் ஆக வேண்டும். என்னுடையதோ நாலாபுறமும் ஒரே நேரத்தில் வீசுவது. திருப்பத் தேவையில்லை என்று நான் திருப்பாமலே விட்டுவிட்டேன். ஒரு விளிம்பைச் சற்று உயர்த்திப் பிடித்த சுளகை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பாமல் அப்படியே மறு சுவருக்குக் கொண்டுபோனால், உயர்ந்த விளிம்பு அதே திசையில்தான் உயர்ந்திருக்கும். முதல் நிலையில் எதிர்ச் சுவர்க் குறி எவ்வளவு ஏறியதோ, இரண்டாம் நிலையில் முதற் சுவர்க் கோடு அவ்வளவு இறங்கும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட, கணக்கில் மிஞ்சுவது பூச்சியம். எனக்குக் கிடைத்த பூச்சியம் கருவியின் நேர்மை அல்ல, என் அவசரம்.

காலையில் சோதனையைத் திருத்திச் செய்தேன். கருவியின் ஆளிப் பக்கத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, முதல் நிலையில் அந்தப் பக்கம் எதிர்ச் சுவரைப் பார்க்கும்படியும், இரண்டாம் நிலையில் அரைவட்டம் திருப்பி அதே பக்கம் முதற் சுவரைப் பார்க்கும்படியும் வைத்தேன். இடைவெளி 6 மில்லிமீற்றர்! தண்ணீர்க் குழாய் காட்டிய 3இன் சரியான இரு மடங்கு. பக்கவாட்டில் கால்வட்டம் திருப்பி அதே சோதனையைச் செய்தபோது 1 மில்லிமீற்றர் மட்டுமே வந்தது. கருவி ஆளிப் பக்கமாகச் சரிந்திருந்தது, பக்கவாட்டில் ஒழுங்காக இருந்தது. இந்த வகைக் கருவியை ஒரு திசையில் மட்டும் சோதித்துவிட்டு விடக்கூடாது என்பது இதனால்தான்.

8 மீற்றருக்கு 3 மில்லிமீற்றர் என்றால் பெரிய விடயமா என்று சிலர் கேட்கலாம். ஓர் அறைக்குள் மட்டும் பாவித்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் முன் விறாந்தையிலிருந்து பின் குசினி வரை 15 மீற்றர் நீளத்துக்கு ஒரே மட்டத்தில் ரைல்ஸ் பதிக்கும் வீட்டில் அது 5 மில்லிமீற்றரைத் தாண்டும். ஒவ்வோர் அறைக்கும் கருவியை இடம் மாற்றி வேறு வேறு பக்கமாகத் திருப்பி வைத்தால், பிழையும் ஓர் இடத்தில் கூடி இன்னோர் இடத்தில் குறைந்து, கதவுநிலைக்கு அடியில் இரண்டு தளங்களும் சந்திக்கும் இடத்தில் படியாக நிற்கும். பெரிய ரைல்ஸ் அந்தப் படியை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

கடைக்காரர்கள் முதலில் “கோடு சிமிட்டேல்லைத்தானே அண்ணை” என்றே சொன்னார்கள். நான் வாக்குவாதப்படாமல், அவர்களுடைய களஞ்சியத்தில் 6 மீற்றர் இடைவெளியில் சோதித்துக் காட்டலாமா என்று கேட்டேன். இடம் கொடுத்தார்கள். முதற் கருவிக்கு 4.5 மில்லிமீற்றர் வந்தது; அந்தத் தூரத்துக்குப் பொறுக்கக்கூடியது 3.6. புதுப் பெட்டியொன்றை உடைத்து அதே இடத்தில் வைத்தபோது இரண்டு திசையிலும் 1 மில்லிமீற்றருக்கு உட்பட்டே வந்தது. மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தந்தார்கள். நேர்மையாகச் சொன்னால், அந்தக் கடையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. விற்பவருக்கும் இந்தச் சோதனை தெரிந்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல். வாங்கப் போகும் எவரும் ஒரு பென்சிலும் அளவு நாடாவும் கொண்டுபோய், கடையிலேயே இதைச் செய்து பார்த்துவிடலாம். கால்மணி நேர வேலை.

இரண்டாவது கருவியில் மேல்வட்டம் தேறிய பின்னும் மற்ற மூன்று வட்டங்கள் மீதமிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி லேசர் என்பதால் ஒன்றின் ஒழுங்கு மற்றொன்றுக்குச் சாட்சி ஆகாது. ரைல்ஸ் வேலைக்கு அதிகம் உதவுவது நிலத்தை ஒட்டிய கீழ்வட்டம். அதற்கு, கருவியிலிருந்து 1 மீற்றரில் உள்ள தூணிலும் 8 மீற்றரில் உள்ள சுவரிலும் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்தேன். வித்தியாசம் 1 மில்லிமீற்றர். நான்கு திசையிலும் இப்படிப் பார்ப்பது நல்லது. நிலைக்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டை விட நம்பகமான நீதிபதி கிடையாது. கதவுக்கு மேலுள்ள லின்ரல் விட்டத்துக்கு மேலே ஆணி அடித்து, 2.4 மீற்றர் நூலில் குண்டைத் தொங்கவிட்டேன். வைகாசியில் சோளகக் காற்று தொடங்கிவிட்டதால், யன்னல் பொருத்தாத வீட்டில் குண்டு ஒரு நிலையில் நிற்காது. ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டை அமிழ்த்திவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். நூலின்மேல் மேலிருந்து கீழ்வரை பச்சை ஏறி நின்றது. மறுபக்க நிலைக்குத்துக் கோட்டுக்குக் கருவியைக் கால்வட்டம் திருப்பி அதையே செய்தேன். இரண்டு நிலைக்குத்துக் கோடுகளும் நிலத்தில் வெட்டும் மூலை செங்கோணமா என்பதை, ஒன்றில் 3 மீற்றரும் மற்றதில் 4 மீற்றரும் குறித்துக் குறுக்கே 5 மீற்றர் வருகிறதா என்று நாடா பிடித்துப் பார்த்தேன். 2 மில்லிமீற்றர் கூடியிருந்தது. ரைல்ஸ் வரிசை தொடங்குவதற்கு அது போதும். கட்டிட மூலை குத்துவதற்கு நான் இதை நம்பமாட்டேன்.

இனி, கருவியை நிறுத்தும் முறை. கோண்டாவில் செம்மண்ணில் முக்காலியை வைத்தால், காலையில் இருந்த உயரம் மத்தியானத்தில் இருக்காது. கால்கள் மெல்ல மெல்ல இறங்கும். மூன்று காலுக்கும் அடியில் ஓட்டுத் துண்டோ ரைல்ஸ் துண்டோ வைத்து மிதித்து இறுக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் அதற்கு மாறான தொல்லை, கால் வழுக்கும். றப்பர் மூடி கழன்ற முக்காலியைப் பாவிக்கவே கூடாது. பலகைச் சாரத்தின்மேல் கருவியை நிறுத்தியிருக்கும்போது யாராவது நடந்தால் கோடு நடுங்கும், கிறைண்டர் ஓடினாலும் நடுங்கும். நடுங்கும் கோட்டைக் குறிக்க முற்படாமல், அது அடங்கும்வரை காத்திருப்பதே முறை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் நிலத்தை ஒட்டிய காற்றுக்கும் மேற்காற்றுக்கும் வெப்பநிலை வேறுபடுவதால் கதிரே சற்று வளையும். நீளமான மண்டபத்தில் கருவியை ஒரு மூலையில் வைப்பதைவிட நடுவே, முக்காலியில் உயர்த்தி வைப்பது நல்லது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்து சூடேறிய கருவியை எடுத்தவுடன் பாவிக்காமல், நிழலில் அரைமணி நேரம் ஆறவிட வேண்டும்.

இடம் மாற்றும்போது ஊசலைப் பூட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் தூக்கிக்கொண்டு ஓடினால், ஊசல் உள்ளே இடித்து இடித்தே தன் ஒழுங்கை இழக்கும். அதே பூட்டுக்கு ஒரு சதியும் உண்டு. படிக்கட்டுக் கைப்பிடிக்குச் சரிவுக் கோடு போடுவதற்காக, பூட்டிய நிலையிலும் இந்தக் கருவி கோடு வீசும்; அப்போது அது மட்டம் பார்ப்பதில்லை. சில விநாடிகளுக்கு ஒரு தடவை கோடு மெல்லச் சிமிட்டுவது மட்டுமே அடையாளம். வேலை மும்முரத்தில் அதைக் கவனியாமல், பூட்டிய கோட்டை மட்டக்கோடு என்று எண்ணி ஒரு சுவர் முழுவதும் நூல் அடித்துவிட்ட பொடியன் எங்களிடம் இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லமாட்டேன். காலையில் தொடங்கும்போது ஒரு தூணில் கோட்டின் உயரத்தை நிரந்தரக் குறியாகப் போட்டுவைத்து, தேநீர் நேரத்திலும் சாப்பாட்டுக்குப் பின்னும் அதையே பார்த்துக்கொள்வது இவ்வகைத் தவறுகளை நேரத்தோடு பிடித்துத் தரும்.

கண் பற்றிய எச்சரிக்கையைத் தனியே சொல்ல வேண்டும். பெட்டியில் ‘வகை 2’ என்று போட்டிருக்கிறது. அதாவது தற்செயலாகக் கண்ணில் பட்டால் கால் விநாடிக்குள் இமை தானாக மூடி, முகம் திரும்பிக் காத்துக்கொள்ளும் அளவுக்கே வலு உண்டு என்பது பொருள். ஆனால் கருவியின் உடலில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் ‘வகை 3ஆர்’ என்று இருக்கிறது. அந்த வகையில் 5 மில்லிவாற்று வரை வலு இருக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் சொல்லும் பெட்டியை நான் நம்பவில்லை. கடுமையானதையே உண்மை என்று எடுத்துக்கொண்டேன். இந்தச் சந்தேகம் வீணானதும் அல்ல. அமெரிக்காவின் தேசியத் தர, தொழினுட்ப நிறுவனம் கையில் பிடிக்கும் 122 லேசர் சுட்டிகளைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் ஏறத்தாழ 44 சதவீதமும் அந்நாட்டு விதிகளுக்கு இணங்கவில்லை. அவை மட்டக் கருவிகள் அல்ல. ஆனாலும் ஸ்ரிக்கரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

எனவே, நிற்பவரின் கண் உயரத்திலோ குந்தியிருந்து ரைல்ஸ் பதிப்பவரின் கண் உயரத்திலோ கருவியின் வாய் வராதபடி முக்காலியை ஏற்றியோ தாழ்த்தியோ வைக்கிறோம். பளபளப்பான ரைல்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடி, குசினியின் சில்வர் சிங் ஆகியவற்றில் கோடு பட்டுத் தெறிக்கும். கடைக் கண்ணாடி மேசையில் பட்ட ஒளி என் முகத்துக்கே வந்ததை அன்று நான் பொருட்படுத்தவில்லை, இப்போது ஒரு சாக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டே தொடங்குகிறோம். அதே வளவில் ஓட்டோ லெவலில் (தொலைநோக்கி வழியாக மட்டம் பார்க்கும் அளவைக் கருவி) எவராவது மட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் லேசரை நிறுத்திவிட வேண்டும். தொலைநோக்கி வழியாகக் கதிர் கண்ணுக்குப் போவது மிகவும் ஆபத்தானது. பெட்டியில் வரும் பச்சைக் கண்ணாடி கோட்டை எடுப்பாகக் காட்டுவதற்கானது, கண்ணைக் காப்பதற்கானதல்ல. பள்ளி விட்டு வரும் அயல்வீட்டுப் பிள்ளைகள் கோட்டைக் கண்டால் அது புறப்படும் இடத்தைத் தேடித்தான் முதலில் ஓடுவார்கள். அந்த நேரத்தில் கருவியை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. ரொறன்ரோவிலிருந்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் “மட்டத்தை ஒருக்கால் காட்டுங்கோ” என்று கேட்கும்போது, தொலைபேசியைச் சுவரை நோக்கிப் பிடித்துக் கோட்டைக் காட்டுகிறேன். கருவியின் வாயை நேரே படம்பிடித்தால் கமராவின் உணரி பழுதாகலாம். காந்தத் தாங்கியை, இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களின் நெஞ்சுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது.

பற்றரியைப் பொறுத்தவரை, நான்கு வட்டமும் எரிந்தால் ஒரு பற்றரி மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. தேவையான ஒரு வட்டத்தை மட்டும் எரியவிட்டால் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை போகும். தீரும் தறுவாயில் கோடு மங்குவதால் மாற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் இரவிரவாகச் சார்ச்சில் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. உப்பிய பற்றரியைக் கண்டால் அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

வெளிச்சம் இதன் பலம். மனிதக் கண் பச்சைக்கே அதிகம் கூர்மையானது. ஒரே வலுவில் சிவப்பு லேசரைவிடப் பச்சை ஏறத்தாழ மூன்று மடங்கு பளிச்சென்று தெரியும். யன்னல் திறந்த அறையில் பகல் 11 மணிக்கும் 8 மீற்றரில் கோடு தெளிவாக இருந்தது. அந்தத் தூரத்தில் கோட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர் அளவு; எப்போதும் அதன் நடுவை மட்டுமே குறிக்க வேண்டும், ஒருவர் மேல்விளிம்பையும் மற்றவர் கீழ்விளிம்பையும் குறித்தால் நல்ல கருவியும் கெட்ட பெயர் எடுக்கும். முற்றத்து வெயிலில் இரண்டு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. மதில் வேலைக்கு மாலை கருகியபின்தான் இதை வெளியே எடுக்கிறோம். வெயிலில் வேலை செய்வதாயின் கண்ணுக்குத் தெரியாத கோட்டையும் கண்டுபிடித்துக் காட்டும் ஒளியுணர் வாங்கி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். முக்காலி வாங்கும்போது திருகைக் கவனியுங்கள்: கமரா முக்காலியில் கால் அங்குலத் திருகு, அளவையாளர் முக்காலியில் எட்டில் ஐந்து அங்குலத் திருகு. இதன் சுழல்தட்டில் இரண்டும் பொருந்துகின்றன. றிமோற் பத்து நாளில் நின்றுவிட்டது. அதற்காக நான் கவலைப்படவில்லை. கருவி தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் தாங்கும் என்று பெட்டி சொன்னாலும், ரைல்ஸ் வெட்டும் தூசியில் அதன் கண்ணாடி வாய் மங்கிவிடுகிறது. மென்மையான துணியைச் சற்று நனைத்துத் துடைத்தால் போதும்.

ரைல்ஸ், சீலிங், அலுமாரி ஆகிய உள்வேலைகளுக்கு 26,500 ரூபாய்க்கு இது தகும். அத்திவாரத்துக்கும் நீண்ட மதிலுக்கும் ஓட்டோ லெவல் வைத்திருப்பவரைக் கூப்பிடுவதே மேல். மூன்று மாதத்தில் ஒரு தடவை சாரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்தது. அன்றே இரண்டு திசையிலும் சோதித்தோம், 2 மில்லிமீற்றருக்குள் நின்றது. சோதித்த திகதியை ஒவ்வொரு தடவையும் ரேப் துண்டில் எழுதி அடியில் ஒட்டிவருகிறேன். தண்ணீர்க் குழாய் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. மேசன் அண்ணையும் இப்போது பச்சைக் கோட்டைப் பார்த்தே ரைல்ஸ் வைக்கிறார், ஆனால் முதலாவது ரைல்ஸைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்கிறார்: “தம்பி, திருப்பிப் பாத்தனியோ?”